நாற்பத்தேழு மஞ்சள் ஜாக்கெட்

நாற்பத்தேழு ஜாக்கெட்டும் கலந்துபோயின. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தைத்த எனக்கே தெரியவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

காலை அந்தப் பக்கம் வையுங்கள், தம்பி. மூட்டையில் இருப்பது துணி. மிதிபட்டால் அழுக்காகும்.

நான் பேசுகிற ஆள் இல்லை. சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் கண்ணை மூடுவேன். திருநெல்வேலியில் திறப்பேன். இன்றைக்குத் திறக்கவைத்தது நீங்கள். போனில் யாரிடமோ சொன்னீர்களே, “சின்னக் கடையெல்லாம் இன்னும் அஞ்சு வருசந்தான், அப்புறம் இருக்காது” என்று. சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். இதைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள். மானூர் வருவதற்குள் முடித்துவிடுவேன். நடுவில் கேள்வி கூடாது.

என் பெயர் பிச்சையா. செக்கடித் தெருவில் லேடீஸ் டெய்லர். முப்பத்தெட்டு வருஷம். தனி ஆள். வெட்டுவது நான், தைப்பது நான், திட்டு வாங்குவது நான். இன்னொருத்தன் கிடையாது.

செக்கடித் தெருவில் செக்கு இல்லை. தேடாதீர்கள். கடைகள்தான். என் கடையை விட்டுவிட்டால் நாற்பத்தேழு. பூக்கடை, பாத்திரக் கடை, புரோட்டாக் கடை, வளையல் கடை, மொபைல் ரீசார்ஜ் கடை, இப்படி. எல்லாக் கடையிலும் கல்லாவில் இருப்பது பொம்பளைதான். வீட்டுக்காரன் சரக்கு எடுக்கப் போவான். அல்லது அப்படிச் சொல்லிவிட்டுப் போவான்.

போன வருஷம் பைபாஸில் ஒரு பெரிய ஜவுளிக் கடை வந்தது. பெயர் வேண்டாம். நாலு மாடி. நாம் நின்றால் போதும், படி தானாக ஏறுகிறது. வாசலில் பன்னீர், உள்ளே சர்பத். ஒரு மாடி முழுக்க ரெடிமேட் ஜாக்கெட். ஊர் சனம் ஜாக்கெட் வாங்கப் போனதா படியில் ஏறப் போனதா தெரியாது, போனது. எங்கள் தெருவில் ஆள் குறைந்தது. என் கடையில் குறையவில்லை. கொஞ்சம் குறைந்தது.

தெருச் சங்கத்துக்குத் தலைவி உலகம்மை. பாத்திரக் கடைக்காரி. அவள் பேசினால் கடையில் அடுக்கியிருக்கிற குடமெல்லாம் கூடவே பேசும், அப்படி ஒரு குரல். மாசி மாதம் ஒரு கூட்டம் போட்டாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. நான் டெய்லர் அண்ணாச்சிட்ட ஜாக்கெட் தைக்கேன். அண்ணாச்சி அந்தக் காசுல செல்லக்கிளி கடையில புரோட்டா திங்காரு. செல்லக்கிளி எங்கிட்ட வந்து அண்டா வாங்குதா. காசு நம்ம தெருவுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. பைபாஸ் கடையில குடுத்த காசு எங்க போகுது? அந்த ஓடுற படியில ஏறி நேரா மெட்ராசுக்குப் போயிருது!”

“நான் புரோட்டா தின்பதில்லை” என்றேன்.

“தெனமும் ரெண்டு செட்டு திங்கீங்க அண்ணாச்சி. சால்னா மூணு தடவை” என்றாள் செல்லக்கிளி.

கூட்டம் சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

முடிவு என்னவென்றால், பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி. ஊரே பார்க்க வரும். நாற்பத்தேழு கடைக்காரிகளும் ஒரே சேலை, ஒரே ஜாக்கெட், மாம்பழ மஞ்சளில். சேலை தெருவில் வாங்கியது, வளையல் தெருவில் வாங்கியது, பூ தெருவில் கட்டியது, மைக் செட்டும் தெருவுடையது. ஜாக்கெட் நான். தெரு இன்னும் சாகவில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும். தலையில் முளைப்பாரியோடு பைபாஸ் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவது என்று உலகம்மை சொன்னாள். கைதட்டினார்கள். நானும் ஒரு தட்டு தட்டினேன்.

“மூணு வாரம். நாப்பத்தேழு. தனியா முடியுமா அண்ணாச்சி?”

“முடியும்.”

முடித்தேன். அதில் குறை சொல்ல முடியாது.

என் வேலை எப்படியென்றால், டேப்பை நான் பெண்கள் மேல் வைப்பதில்லை. எங்கள் பக்கம் என் வயசு டெய்லர் யாரும் வைக்க மாட்டான். அளவு ஜாக்கெட் ஒன்று கொடுப்பார்கள். நன்றாக உட்காருகிற பழைய ஜாக்கெட். அதை மேசையில் விரித்து அளப்பேன். கூடவே வாயால் சொல்வார்கள், “கை ஒரு விரக்கடை லூசு, கழுத்து ரெண்டு விரக்கடை எறக்கம்” என்று. அளவு முடிந்ததும் அந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கல்யாண வீட்டுக்குப் போக ஜாக்கெட் இல்லை என்று கடைவாசலில் வந்து நிற்பார்கள். சீட்டு எழுதிக் குத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. குண்டூசி துணியைக் கடிக்கும். உள்பக்கம் முதுகில் சாக்குக்கட்டியால் பெயர் எழுதிவிடுவேன். முப்பத்தெட்டு வருஷமாக அதுதான். ஒரு ஜாக்கெட் மாறியதில்லை.

தைத்தேன். கொக்கி வைக்க அனுப்பினேன், எழுதின பெயரோடு வந்தது. இஸ்திரிக்கு அனுப்பினேன்.

அங்கேதான் போச்சு.

சொள்ளமுத்து என்று ஒருவன். தெருமுனையில் இஸ்திரி வண்டி. நல்ல பயல்தான், ஆனால் நல்லது செய்யாமல் அவனால் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு முளைப்பாரி. காலை பத்து மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் முழுக்கப் பல்.

“அண்ணாச்சி, கண்ணை மூடுங்க.”

“எதுக்குல?”

“மூடுங்களேன்.”

மூடவில்லை. துணியை விலக்கினான். நாற்பத்தேழு ஜாக்கெட்டும் அட்டை மாதிரி நின்றன. விரலால் தட்டினேன். டொக் என்றது.

“என்னல செஞ்ச?”

“கஞ்சி போட்டேன் அண்ணாச்சி. ஜவ்வரிசிக் கஞ்சி. நம்ம தெரு மானமாச்சே, சும்மா தேச்சுக் குடுக்க மனசு வரல. நாப்பத்தேழையும் அலசி, முக்கி, நிழல்ல காயப்போட்டு...”

“அலசினியா?”

“பின்ன? உள்ள பூரா ஒரே சாக்குக்கட்டி அழுக்கு. ஒன்னு விடாமத் தேச்சுத் தேச்சு எடுத்தேன். கை ரெண்டும் கழண்டு போச்சு.”

புரட்டிப் பார்த்தேன். சுத்தம். இன்னொன்று. அதுவும் சுத்தம்.

“ஏல, அது அழுக்கு இல்ல. பேரு.”

“பேரா?” அவன் முகத்தில் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. “எழுத்தா அண்ணாச்சி அது? கோழி கிண்டுனதுன்னுல்லா நெனச்சேன்.”

அவனை அடிக்கவில்லை. அடிக்க நேரமில்லை. பதினோரு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள்.

பரவாயில்லை, வெட்டியவன் நான், கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், வேறு வேறு துணியாக இருந்தால் சொல்லியிருப்பேன். எல்லாம் ஒரே மஞ்சள். பார்க்கப் பார்க்கக் கண் கூசுகிறது. முதலில் பூக்கடைக் கனகமணி வந்தாள். ஒன்றை எடுத்துக் கம்பீரமாகக் கொடுத்தேன். உள்ளே போனாள். திரும்பி வந்தாள். கை முட்டியோடு நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, இது எனக்கா எம் மகளுக்கா?”

இன்னொன்று கொடுத்தேன். அதற்குள் அவளும் இன்னொருத்தியும் சேர்ந்து போகலாம்.

தம்பி, முளைப்பாரி என்றால் சும்மா இல்லை. சட்டி நிறைய மண், அதில் ஒரு முழம் வளர்ந்த பயிர். தலையில் வைத்து, கையைத் தூக்கிப் பிடித்து, அரைமணி நேரம் நடக்க வேண்டும். கை மேலே போகாத ஜாக்கெட் போட்டால் பாதி வழியில் கிழியும். ஊரே பார்க்கும். லூசான ஜாக்கெட் போட்டால் தோளில் இறங்கும். தலையில் சட்டியை வைத்துக்கொண்டு தோளை இழுத்துவிட முடியாது. அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

பதினொன்றரைக்கு நாற்பத்தேழு பேரும் வந்தாயிற்று. “அளவு ஜாக்கெட்டை மறுபடி கொண்டாங்க, வச்சுப் பார்த்திருவோம்” என்றேன். நல்ல யோசனைதான். யாரும் நகரவில்லை. ஒருத்தி காலைப் பார்க்கிறாள், ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள்.

“என்ன?”

வளையல் கடைக்காரி மெதுவாகச் சொன்னாள். “அண்ணாச்சி, நான் குடுத்தது எஞ் ஜாக்கெட் இல்ல. கனகமணியக்கா ஜாக்கெட்டு. அது அவங்களுக்கு நல்லா உக்காரும். அதான் வாங்கிட்டு வந்தேன்.”

“நானுந்தான்” என்றாள் இன்னொருத்தி.

“எங்கிட்டயும் அதேதான் இருந்துச்சு.”

எண்ணிப் பார்த்தோம். ஒரே ஜாக்கெட், கனகமணியின் பச்சை ஜாக்கெட், பதினாலு பேர் கையில் சுற்றி, பதினாலு தடவை என் மேசைக்கு வந்திருக்கிறது. பதினாலு தடவையும் நான் அதைப் புதிது போல விரித்து அளந்திருக்கிறேன்! வாயால் சொன்ன ஒரு விரக்கடை, ரெண்டு விரக்கடைதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதை எழுதியது எங்கே? சாக்குக்கட்டியால் பெயருக்குக் கீழே. மிச்சப் பேர் கொடுத்ததும் இதே மாதிரி இரவல் ஜாக்கெட்தான்.

“பச்சை ஜாக்கெட் அடிக்கடி வருதேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டாள் உலகம்மை.

நான் துணியைப் பார்க்கிறவன். கலரையெல்லாம் கவனிப்பதில்லை.

அப்புறம்தான் கூத்து. உலகம்மை சொன்னாள், “எல்லாரும் என் கடைக்குள்ள வாங்க. ஷட்டரைப் போடுவோம். ஆளாளுக்குப் போட்டுப் பாத்து எடுத்துக்கோங்க.” பாத்திரக் கடைக்குள் நாற்பத்தேழு பேர். ஷட்டர் ஒரு சாண் திறப்பு. வெளியே நானும் சொள்ளமுத்தும் குத்தவைத்து உட்கார்ந்து, ஜாக்கெட்டை ஒவ்வொன்றாக இடுக்கு வழியாக உள்ளே தள்ளுகிறோம். வேண்டாதது அதே இடுக்கு வழியாக வெளியே பறந்து வருகிறது. உள்ளே ஒருத்தி கையைத் தூக்கிப் பார்க்கிறாள், ஒரு வரிசை குடம் விழுகிறது. இன்னொருத்தி தூக்குகிறாள், இட்லிக் கொப்பரை விழுகிறது. “ஏ, எங்கையி வெளிய வரமாட்டேங்கு!” என்று ஒரு சத்தம். “மூச்சை இழுத்துப் பிடிட்டி!” என்று இன்னொரு சத்தம். டமார். சிரிப்பு. மறுபடியும் டமார். தெருவில் போகிறவன் எல்லாம் நின்றுவிட்டான். உள்ளே சண்டையா கல்யாணமா என்று ஒருவன் கேட்டான். முளைப்பாரி என்றேன்.

அதிலும் ஒரு வம்பு. எவளுக்கு ஒன்று சௌகரியமாக மாட்டியதோ அவள் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

“இது எஞ் ஜாக்கெட்டு மாதிரி இருக்குக்கா.”

“ஒனக்குத் தொளதொளன்னு தொங்குது, கழட்டு!”

“எனக்கு இப்படித்தான் பிடிக்கும்.”

லூசாக மாட்டியவர்களெல்லாம் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். கடைசியில் இருபது பேர் மிச்சம், இருபது ஜாக்கெட்டும் மிச்சம், ஒன்றும் ஒருத்திக்கும் சேரவில்லை. உலகம்மை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. தோளில் ஒரு கரண்டி தொங்கியது. அது அவளுக்குத் தெரியாது.

மணி இரண்டு.

“அண்ணாச்சி, வேற வழியில்ல. நான் போன் போடப் போறேன்.”

“யாருக்கு?”

சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் ரெடிமேட் ஜாக்கெட் நாற்பத்தேழு ஒரே நேரத்தில் எங்கே கிடைக்கும்? பைபாஸில் கிடைக்கும். அவர்கள் கடை வாசலில் போய்த் தெருவின் வீறாப்பைக் காட்டுவதற்கு, அவர்கள் கடை ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போவது. எப்படி இருக்கிறது? இதற்கு அந்த ஓடுகிற படியிலேயே முளைப்பாரியை வைத்து அனுப்பிவிடலாம்.

தெருவை விடுங்கள். என் நிலைமை என்ன? நாற்பத்தேழு பேரும் ஒரே நாளில் ரெடிமேட் போட்டுப் பழகிவிட்டால், சனிக்கிழமை நான் கடை திறக்க வேண்டியதில்லை. மெஷினுக்கு மூடியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரலாம். எனக்கு இந்த மெஷினை விட்டால் ஒன்றும் தெரியாது, தம்பி.

“அண்ணாச்சி,” என்றான் சொள்ளமுத்து, “கொக்கி வச்சவங்களைக் கேட்டாத் தெரியுமோ என்னமோ.”

“கொக்கி வைக்கிறவளுக்கு என்னல தெரியும்? பேசாம இரு.”

அப்படித்தான் சொன்னேன். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

இருபது நிமிஷத்தில் அவர்கள் கடை வேன் வந்தது. வெள்ளை வேன், ஏ.சி. வேன், மேலே பலூன் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தான். “வாங்க அக்காமாரே, ஏறுங்க. சர்பத் ரெடி.” முதலில் யாரும் ஏறவில்லை. வெயில் வேறு. ஏ.சி. காற்று கதவு வழியாக வந்து முகத்தில் அடித்தது. ஒருத்தி ஏறினாள். அப்புறம் பத்துப் பேர் ஏறினார்கள். கனகமணி ஏறும்போது என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். கொக்கிக்காரி.

யார் என்று கேட்பீர்கள். பின்தெருவில் வீடு. ஊரில் நாலு டெய்லர்களுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். துணி மூட்டையாகப் போகும், கொக்கியோடு வரும். எனக்குப் பதினோரு வருஷமாக அவள்தான். பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசினதில்லை. கடை கிடையாது, போர்டு கிடையாது, அதனால் சங்கத்து லிஸ்டில் அவள் இல்லை. மஞ்சள் சேலையும் இல்லை. சாயம் போன ஒரு பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அடுத்த மூட்டை வாங்க வந்திருக்கிறாள், பாவம்.

“என்ன அண்ணாச்சி, எல்லாரும் வேன்ல ஏறுதாங்க?”

“பேரு அழிஞ்சுபோச்சு. எது யாருதுன்னு தெரியல. நீ நாளைக்கு வா.”

அவள் போகவில்லை. குவியலில் மேலே கிடந்த ஜாக்கெட்டை எடுத்தாள். விரித்துப் பார்க்கக்கூட இல்லை. கொக்கி வரிசையில் கட்டை விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள்.

“இது பூக்கடைக்காரங்களுது.”

“எப்படிச் சொல்லுத?”

“ரெண்டாவது கொக்கிக்கு இரட்டை நூல் போட்டிருக்கேன். மாலையைத் தூக்கித் தூக்கி மாட்டுவாங்கல்லா, அந்த ஒன்னு மட்டும் தெறிச்சுட்டே இருக்கும்னு சொன்னாங்க.”

“என்னட்டச் சொல்லலியே?”

“நீங்க வள்ளுன்னு விழுவீங்கன்னு எங்கிட்டச் சொன்னாங்க.”

வேனைப் பார்த்துக் கத்தினேன். “ஏ கனகமணி! எறங்கு!”

இறங்கினாள். பாத்திரக் கடைக்குள் போனாள். ஒரு நிமிஷம். வெளியே வந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். போய்க்கொண்டே இருந்தது கை! தெரு முழுக்க ஓவென்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. உள்ளே லூசாக மாட்டிக்கொண்டு நின்றவர்களையெல்லாம் உலகம்மை கழற்றவைத்தாள். கொக்கிக்காரி ஒவ்வொன்றாக எடுக்கிறாள், கட்டை விரலை ஓட்டுகிறாள், சொல்கிறாள்.

“இதுல கொக்கிக்கு அடியில துணி வச்சிருக்கு. புரோட்டாக்கல்லு முன்னால நிக்கிறவங்களுக்குக் கம்பி சுடும்.”

“செல்லக்கிளி! எறங்கு!”

“இது பெரிய கொக்கி. பாத்திரக் கடையக்காவுக்கு இப்ப விரல் மடங்க மாட்டேங்கு. சின்னக் கொக்கி பிடிபடாது.”

உலகம்மை தன் விரலைத் தானே பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

“இது கீழ ரெண்டும் சும்மா இழுத்தாக் கழண்டுரும். ரீசார்ஜ் கடைப் பிள்ளை. கைக்குழந்தை வச்சிருக்கில்லா.”

“இதுல ஏழு இருக்கு. வளையல் கடைக்காரங்க. ஒத்தைப்படையா இருந்தாத்தான் யாவாரம் ஓடும்பாங்க.”

“ஏழா?” எனக்கு எப்படி இருக்கும்? “என் ஜாக்கெட்டுல ஏழா? ஆறுன்னுதான நான் குடுக்கேன்!”

“ஆமா அண்ணாச்சி. ஒன்னு நான் வைக்கேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“நீங்க எண்ணிப் பாத்ததே இல்லியே.”

சொள்ளமுத்து இருமினான். அவனை முறைத்தேன்.

தம்பி, நான் நியாயஸ்தன். அவள் வைத்த கொக்கியில் குறை இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக என் ஜாக்கெட் நன்றாக உட்காருகிறது என்று ஊர் சொன்னதெல்லாம் என் வெட்டுக்காகத்தான். கொக்கி அதில் ஒரு சின்ன விஷயம். நாற்பத்தேழு சின்ன விஷயம், வேண்டுமானால் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

வேன் காலியாகிக்கொண்டே வந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாகக் குதிக்கிறார்கள். கடைசியில் டிரைவரே எங்களோடு சேர்ந்துகொண்டான். பாட்டை நிறுத்திவிட்டு, பின்சீட்டில் தூங்கிப்போன ஊறுகாய்க் கடைக்காரியை எழுப்பி, “அக்கா, ஒங்க பேரு வந்துட்டு, எறங்குங்க” என்று அனுப்பி வைத்தான். எல்லாரும் இறங்கின பிறகு என் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல ஒரு ரெடிமேட் ஜாக்கெட். எங்க கடையில எடுத்ததுதான். தோள்ல எறங்குது. உங்ககிட்டக் குடுத்தா...”

“அளவு ஜாக்கெட் கொண்டு வா.”

“அதையேதான் கொண்டு வரணும். வேற இல்ல.”

“போடா.”

போனான். பலூன் ஆடிக்கொண்டே போனது. திங்கட்கிழமை ஜாக்கெட்டோடு வந்துவிட்டான், அது வேறு.

நாலரை மணிக்கு நாற்பத்தேழு பேரும் தெருவில் வரிசையாக நின்றார்கள். மஞ்சள் என்றால் மஞ்சள், மேற்கு வெயில் அப்படியே அவர்கள் மேல். கஞ்சி போட்ட ஜாக்கெட் ஒரு சுருக்கம் இல்லாமல் மொடமொடவென்று நின்றது. அதைச் சொல்லத்தான் வேண்டும், பயல் நன்றாகத்தான் போட்டிருந்தான். எல்லாரும் ஒத்திகைக்கு ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். தொண்ணூற்று நாலு கை. ஒரு தையல் விடவில்லை. எனக்குக் கண்ணில் என்னவோ விழுந்தது. தூசி. தெரு கூட்டுவதில்லை.

உலகம்மை தன் முளைப்பாரியைக் கீழே வைத்தாள்.

“நிப்பாட்டுங்க. இவ முன்னால நடக்கணும்.”

“எனக்குச் சட்டி இல்லக்கா,” என்றாள் கொக்கிக்காரி. “லிஸ்டுலயும் இல்ல. கடை இருக்கிறவங்களுக்குத்தான.”

“ஒன் வீட்டுல ஊசி இருக்கா?”

“இருக்கு.”

“நூலு?”

“இருக்கு.”

“அப்ப அது கடைதான். பிடி.” தன் சட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டாள். மஞ்சளுக்கு முன்னால் ஒற்றைப் பச்சை. சட்டியில் பயிரும் பச்சை.

“சேலை வேற கலரா இருக்கே” என்று யாரோ சொன்னார்கள். “இருக்கட்டும். அப்பத்தான் தெரியும்” என்றாள் உலகம்மை.

மைக் செட்காரன் ஆட்டோ மேல் உட்கார்ந்திருந்தான். வரிசையாகப் பெயர் படிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. முன்னால் வருகிறவள் பெயர்தான் முதலில். “முதப் பேரு என்ன?” என்று மைக்கிலேயே கேட்டான். தெரு முழுக்கக் கேட்டது.

உலகம்மை கனகமணியைப் பார்த்தாள். கனகமணி செல்லக்கிளியைப் பார்த்தாள். எல்லாருக்கும் அவள் கொக்கியக்காதான். அப்புறம் நாற்பத்தேழு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் மூட்டை போய் வந்த கடை என்னுடையதுதானே.

என்னைப் பார்த்து என்ன செய்ய?

“முதப் பேரு! நேரம் ஆகுது!” என்றான் மைக் செட்காரன்.

நான் அவள் பக்கத்தில் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். எழுபத்தொரு வயசில் ஒரு பொம்பளையிடம் பெயர் கேட்டு நிற்கிறேன், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. அவள் சிரித்தாள். சட்டி ஆடியது. சொன்னாள். கொட்டுக்காரன் அதற்குள் ஆரம்பித்துவிட்டான், மைக் செட்காரன் காதில் விழவில்லை. “என்னது?” என்கிறான். மறுபடியும் சொன்னாள். “என்னது?” என்கிறான் மறுபடியும்.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆட்டோ சக்கரத்தில் காலை வைத்து ஏறி, அவன் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கி, பைபாஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி நானே சொன்னேன்.

“முப்பிடாதி!”